ஒடியாத ஊசி

என் கையில் ஊசி ஒடியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் இதை யாரிடம் சொன்னபோதும், கேட்டவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்த்தார்கள்.

நான் பல் மருத்துவர். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டிய ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். அம்மா நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவள். அப்பா பஞ்சுப் பொதி ஏற்றி இறக்குகிறவர். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில்தான் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. இதில் எனக்கு வெட்கம் கிடையாது. நானாகச் சொல்லத் தேவையும் இல்லை. மற்றவர்களே விசாரித்துத் தெரிந்து வைத்துக்கொண்டு, சமயம் வரும்போது எடுத்து வீசுவார்கள்.

கிளினிக்கில் இரண்டு நாற்காலிகள். வெளி அறையில் பல் பிடுங்குவது, சுத்தம் செய்வது. உள் அறை நாற்காலி வேர் சிகிச்சைக்கு மட்டும். வேர் சிகிச்சை என்றால் ஊருக்குப் புரியாது, ரூட் கேனால் என்றால் எல்லோருக்கும் தெரியும். கெட்டுப்போன பல்லைப் பிடுங்காமல், அதற்குள் செத்துப்போன நரம்பை மயிரிழை மாதிரியான உலோக ஃபைல்களால் சுரண்டி எடுத்து, வேரின் நுனி வரை மருந்தடைத்து மூடுவது. அந்த ஃபைலைத்தான் எங்கள் பக்கத்தில் ஊசி என்பார்கள். உள் நாற்காலியை என்னிடம் கொடுத்தபோது, கிளினிக் முதலாளியான பெரிய டாக்டர், "பார்த்துச் செய்யம்மா" என்று மட்டும் சொன்னார். பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஃபைல் ஒடிவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வளைந்த வேர்களுக்குள் நல்ல கைக்காரர்களுக்கும் ஒடியும். ஒடிந்தால் அந்த நிமிஷமே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மூடுவதுதான் களவு. அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேருக்குள்ளிருந்து வெளியே வரும் ஒவ்வொரு ஃபைலையும் ஸ்கேலில் வைத்து அளந்து பார்ப்பேன். உள்ளே போன நீளம் வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததை எடுப்பேன். கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அக்கா, "நீ ஜவுளிக்கடைக்குத்தான் போயிருக்கணும், துணி கிழிக்க" என்று சிரிப்பாள்.

அந்தப் பெண் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பால்கோவாக் கடையில் பொட்டலம் போடும் வேலை. வலது பக்க மேல் கோரைப்பல்லுக்கு நான்தான் ரூட் கேனால் செய்தேன். மனிதருக்கு இருக்கும் பற்களிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான். நேரான வேர், ஒற்றைக் குழாய். சிக்கல் இல்லாத வேலை. கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் மருந்து நுனி வரை போய் நிறைந்திருந்தது. வேர் நீளமானதால் நுனிக்கு மேலே உள்ள எலும்பு அந்தப் படத்தில் விழவில்லை. அப்போது அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து, சூடாகத் தேத்தண்ணி குடித்தால் அதே பக்கத்தில் சுரீர் என்கிறது என்று, அவள் தன் ஊரிலேயே ஒரு பல் டாக்டரிடம் போயிருக்கிறாள். அங்கே புதிதாக ஏஐ போட்டிருந்தார்கள். பல் எக்ஸ்ரேயை உள்ளே கொடுத்தால் அதுவே படித்து, சொத்தை இருக்கும் இடம், வேர் நுனியில் சீழ் கட்டிய இடம், பழைய அடைப்பு எல்லாவற்றையும் கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டும். அவள் படத்தில், கோரைப்பல் வேர் நுனிக்குச் சற்று மேலே பொடிக் கோடு ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில், ஒடிந்த கருவியாக இருக்கலாம் என்று ஒரு வரி.

'இருக்கலாம்' என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை. சிவப்பைப் படித்தார்கள்.

அந்த டாக்டர், ஈறைக் கீறி எலும்பைக் குடைந்து துண்டை எடுத்துவிடலாம், வராவிட்டால் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று சொல்லி, மறுநாள் காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குமுன் யார் ஒடித்தார்களோ அவர்களைக் கேட்டுவிட வேண்டும் என்று, அவள் புருஷன் தன் ஆட்டோவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வந்துவிட்டார்.

சாயந்திரம். மில் ஷிப்டு முடிந்து வந்தவர்களும் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களுமாக வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அவர் உள்ளே வந்து கேட்கவில்லை. பெஞ்சுக்கு நடுவில் நின்று, படத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பேசினார். தன் பெண்டாட்டி வாய்க்குள் ஊசியை ஒடித்து வைத்து, சிமெண்டு பூசி அனுப்பிவிட்டார்கள் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாட்சி சொல்கிறவர் மாதிரி நிதானமாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கோட்டால படிச்சா இப்பிடித்தான். ஊசி எங்க போகுதுன்னுகூடத் தெரியாது."

பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரிய டாக்டர் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, ஆட்டோக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னைத் தனியாக மருந்து அலமாரிப் பக்கம் கூட்டிப் போனார். அவர் கெட்டவர் இல்லை. கிளினிக்கின் பெயர் கெடக் கூடாது என்பது அவர் கவலை. அந்த நேரம் பார்த்து அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. தெலுங்கில் ரெண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டு, என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார். தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமாம். மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் டாக்டர் இனி ரூட் கேனால்களைப் பார்த்துக்கொள்வார். நான் கொஞ்ச நாள் வெளி நாற்காலியில் இருக்கலாம்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியும்.

"ஒடியாத ஊசிக்கு நான் எப்படி சார் மன்னிப்புக் கேக்குறது?" என்றேன்.

"படம் பொய் சொல்லுமாம்மா?"

"படம் பொய் சொல்லல சார். அதுல ஏதோ இருக்கு. அது என் ஊசின்னு பேர் வச்சதுதான் தப்பு."

இன்னொன்றையும் சொன்னேன். நரம்பை எடுத்துவிட்ட பல்லுக்குச் சூடு தெரியாது. தேத்தண்ணி பட்டுச் சுரீர் என்கிறதென்றால் அது உயிருள்ள ஒரு பல்லில் இருந்துதான் வர வேண்டும், கோரைப்பல்லில் இருந்து வர முடியாது. இது அவருக்குத் தெரியாதது இல்லை. எனக்குப் பாடம் எடுக்கும் தகுதி உள்ளவர். ஆனால் சிவப்புக் கட்டம் ஒன்று கண்முன்னால் இருக்கும்போது தெரிந்ததும் மறந்துவிடுகிறது. "கட்டத்துக்கு வேற என்ன பதில் இருக்கு உன்கிட்ட?" என்று கேட்டார்.

இல்லாத பதிலை இருப்பதுபோல நான் காட்டவில்லை. நம் கிளினிக்கில் இப்பவே இன்னொரு படம் எடுப்போம், அதிலும் துண்டு தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு நாற்காலியைத் துடைத்து வைப்பதே நான்தான் என்றேன். அவர் சரி என்றார்.

எங்களிடமும் அதே மாதிரி ஏஐ சில நாட்களாக ஓடிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தால் வாங்கலாம் என்று சோதனைக்குப் போட்டிருந்தார்கள். அக்கா அந்தப் பெண்ணை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப் போனாள். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லும் குரல் எனக்கு வெளியே கேட்டது. செத்த நேரத்தில் படம் திரையில் வந்தது. நாங்கள் மூன்று பேரும், நானும் பெரிய டாக்டரும் ஆட்டோக்காரரும், அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிவப்புக் கட்டம் வந்தது.

ஆட்டோக்காரர் சிரித்தார். "அங்கயும் ஊசி, இங்கயும் ஊசி. ரெண்டு ஊர்லயும் சொல்லி வச்சா பொய் சொல்லும்?" பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் துடைப்பார்.

நான் திரையை விட்டு நகரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் படத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வெள்ளைக் கோடு, அதே பருமன். ஆனால் அந்தப் படத்தில் அது கோரைப்பல் நுனிக்கு நேர் மேலே இருந்தது. எங்கள் படத்தில் அது பக்கத்துப் பல்லின் வேருக்கு மேலே தள்ளி நின்றது. அக்கா எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் சாய்த்து எடுத்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சாய்வுக்கு வேர்கள் மயிரளவுதான் நகர்ந்திருந்தன. கோடு மட்டும் ஒரு பல் தூரம் போயிருந்தது.

எலும்புக்குள் இறுகிய துண்டு வேரோடு வேராகத்தான் நிற்கும். தனியாக நடந்து போகாது. அது வாய்க்குள்ளேயே இல்லை.

நான் எழுந்து எக்ஸ்ரே அறைக்குள் போனேன். அவள் இன்னும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி அவள் உள்ளங்கையில் இருந்தது. மூக்கைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தபோது, துளைக்குள் பொடிசாக ஒரு புள்ளி மின்னியது. கம்பி. தாலிச் செயினில் ஊக்குகளோடு கோத்து வைத்திருந்த ஒரு துண்டுக் கம்பியை, மூக்குத்தியைக் கழற்றிய கையோடு எடுத்துச் செருகியிருக்கிறாள். அதை அவள் செய்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமைப்பதைப் போல அது.

கோரைப்பல்லைப் படம் எடுக்க, எக்ஸ்ரே குழாயை மூக்கு மடலுக்கு நேராகத்தான் வைப்போம். கதிர் மூக்கைத் தாண்டித்தான் பல்லுக்குப் போகும். வழியில் இருக்கும் கம்பியின் நிழல் வேர் நுனிக்கு மேலே விழும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதுதான் நடந்திருக்கிறது. அங்கேயும் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவளும் கழற்றியிருக்கிறாள். கழற்றச் சொன்னவர்கள் மேலும் தப்பில்லை, இவள் மேலும் இல்லை.

"நகையைக் கழத்துன்னாக, கழத்திட்டேன். இது நகையா டாக்டரம்மா? துளை தூந்துபோகாம இருக்க வைக்கிறதுல்லா" என்றாள்.

எனக்குத் தெரியும். எனக்கும் மூக்குக் குத்தியிருக்கிறது. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு வாசலில், எல்லாப் பெண் பிள்ளைகளையும் போல என்னையும் தோடு, மூக்குத்தி கழற்றச் சொன்னார்கள். பாதுகாப்புக்கு நின்ற பெண் கையில் பிடித்திருந்த கருவி உலோகம் என்றால் கத்தும். அம்மா சுற்றுமுற்றும் பார்த்து, மதிலோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, பல்லால் கடித்து அளவாக ஒடித்து, என் மூக்கில் செருகினாள். கருவி கத்தவில்லை. ஈர்க்குச்சியோடு போய்த்தான் பரீட்சை எழுதினேன். அந்தத் துளை தூர்ந்து போகவில்லை.

அந்தக் கம்பியையும் எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுக்கணும் என்றேன். அவள் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அவிய வெளிய உக்காந்திருக்காக. மூளி மூக்கோட அவிய முன்னால நான் எப்பிடி வாரது? மாட்டேன்."

"நாளைக்குக் காலையில ஈறைக் கீறுறதுக்கு ஒத்துக்கிட்டீகளே?"

"அது வைத்தியம். இது வேற."

அவளைப் பழிக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா கோபத்தில், பல்லு பெருசா மூக்கு பெருசா என்று முனகினாள். அவளைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தேடினேன். எங்கள் கிளினிக்கில் பிளாஸ்டிக் துடைப்பம். அப்போதுதான் பேப்பர் பாயிண்ட் நினைவு வந்தது. மருந்தடைப்பதற்கு முன் வேருக்குள் இருக்கும் ஈரத்தை ஒற்றி எடுக்க நாங்கள் வைத்திருப்பது. இறுக்கிச் சுருட்டிய வெள்ளைத் தாள்தான், ஊசி மாதிரிக் கூராக இருக்கும். எக்ஸ்ரேயில் தாள் தெரியாது. பெட்டியில் இருந்ததிலேயே பருமனான ஒன்றை எடுத்து, நுனியை நறுக்கி அவளிடம் நீட்டினேன். "ஈர்க்குச்சி மாதிரித்தான். வையுங்க. துளையும் தூராது, மூளியும் இல்ல" என்றேன்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கம்பியை எடுத்துவிட்டு அதைச் செருகிக்கொண்டாள். அக்காவை விலக்கிவிட்டு இந்தப் படத்தை நானே எடுத்தேன்.

சிவப்புக் கட்டம் இல்லை. வேர் நுனிக்கு மேலே வெறும் எலும்பு.

ஆனால் திரை சும்மா இருக்கவில்லை. கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில், இரண்டு பல்லும் ஒட்டும் இடுக்கில், சின்னதாக ஒரு மஞ்சள் கட்டம். சொத்தை. பழைய படங்கள் இரண்டையும் திரும்பப் பார்த்தால் அவற்றிலும் அது இருந்தது. சிவப்பின் சத்தத்தில் அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை, நான் உள்பட. எந்தப் பல்லுக்கு உணர்வு இருக்கிறது என்று பார்க்க, பஞ்சில் குளிர் மருந்தை அடித்து அந்தப் பல்லைத் தொட்டேன். அவள் தோள் இரண்டும் துள்ளின. கோரைப்பல்லைத் தொட்டேன். என்ன செய்யுறீக என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஆட்டோக்காரரை உள்ளே கூப்பிட்டு, மூன்று படங்களையும் வரிசையாகக் காட்டினேன். கம்பியை ஒரு தட்டில் போட்டு முன்னால் வைத்தேன். கம்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப மெசினு தப்பா?"

அதற்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சிவப்பில் தவறியது, மஞ்சளில் சரியாகச் சொன்னது என்றேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்தது மிஷின்; அதற்கு முன்னால் ஒரு மூக்கு இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் என் முகத்துக்கு முன்னால் நின்று பேசியது மிஷின் இல்லை.

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். "ஏட்டி, கம்பி கெடக்குன்னு சொல்லப்பிடாதா?" பிறகு என்னிடம், "நீங்களாவது அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"அப்பவே சொன்னேன். ஊசி ஒடியலன்னு."

பெரிய டாக்டர் இடையில் வந்து, சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, விடும்மா என்றார். நான் விடவில்லை. ஆட்டோக்காரர் என்னைக் குற்றம் சொன்னது இந்த அறைக்குள் இல்லை, வெளியே பெஞ்சில். அதனால் பதிலும் வெளியே பெஞ்சில்தான் வேண்டும் என்றேன். வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன் என்றேன்.

ஆட்டோக்காரர் தலையைக் குனிந்தபடி வெளியே போனார். நானும் பின்னால் போனேன். அதற்குள் பெஞ்சு காலி. கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் மட்டும், அந்தப் பக்கம் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் அவரிடம் போய், ஊசி எதுவும் ஒடியவில்லை, தன் பெண்டாட்டி மூக்கில் இருந்த கம்பிதான் அது, டாக்டரம்மா மேல் தப்பில்லை என்று சொன்னார். பெரியவருக்குக் காது மந்தம். "என்ன ஒடிஞ்சு போச்சு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் இரண்டாவது தடவை, உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ரோட்டில் டீக்கடை வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

நான் உள்ளே வந்தபோது பெரிய டாக்டர், இந்தப் பக்கத்துப் பல்லையாவது ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் விட்டுவிடலாமே, எதற்கு வம்பு என்று ஆரம்பித்தார். பழக்கத்தில் சொன்னதுதான். அவர் முடிப்பதற்குள் அந்தப் பெண் உள் அறைக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து வைத்திருந்தாள். மூக்கில் பேப்பர் பாயிண்ட் அப்படியே இருந்தது. வெள்ளைக்கல் மூக்குத்தி மாதிரிக்கூடத் தெரிந்தது. "நீயே பாரு தாயி. நாளைக்கு அங்க போறதா இல்ல" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஆட்டோக்காரரை உள்ளே வரச் சொன்னேன். நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். அக்காவிடம் ஸ்கேலை அவர் கண்ணுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன்.

சொத்தை நரம்பு வரை போயிருந்தது. முதல் ஃபைல் உள்ளே போய் வெளியே வந்தது. ஸ்கேலில் வைத்தேன்.

"பாருங்க. நுனி இருக்கா?"

"இருக்கும்மா."

"கிட்ட வந்து பாருங்க."

அவர் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருக்கிறது என்றார். அடுத்ததை எடுத்தேன்.

எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது, அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். கம்பியைத் தட்டிலிருந்து எடுத்துத் தாலிச் செயினில் பழையபடி கோத்துக்கொண்டாள். அது அவள் கம்பி.

ஏஐ திரையில், கட்டம் தவறு என்று நினைத்தால் காரணம் சொல்ல ஒரு இடம் உண்டு. அக்கா வெளி விளக்கை அணைத்துக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்தேன். தேர்ந்தெடுக்கச் சில காரணங்கள் கொடுத்திருந்தார்கள். படம் அசைந்தது, பழைய அடைப்பு, செயற்கைப் பல். அவற்றில் எதுவும் எங்கள் ஊர்க் காரணம் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, கீழே தமிழிலேயே எழுதினேன்: மூக்குத் துளை தூர்ந்துபோகாமல் இருக்கப் பெண்கள் வைக்கும் கம்பி. முடிவில் என் பெயரையும், பெயருக்குப் பின்னால் என் பட்டத்தையும் போட்டேன்.